மீனை விட்டாயிற்றா? இனித் தொட்டியைப் பழக்குங்கள்

தேர்த் திருவிழாக் கடையில் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய நாலு மீனோடு பாலிதீன் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள், அல்லது வீடு குடிபோன அன்று யாரோ தொட்டியும் மீனுமாகவே பரிசு கொடுத்துவிட்டார்கள். தொட்டியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே மீனையும் விட்டாயிற்று. நாலாம் நாள் பார்த்தால் மீன் மேலே வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இந்த நிலைமையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் மீன் வாங்காதவர்கள் தயவுசெய்து பொறுங்கள். வெறும் தொட்டியில் பில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட்டு, ஒன்றரை மாதம் பழக்கிய பிறகு மீன் வாங்குவதுதான் முறை. பழக்குவது என்றால், மீன் கழிவின் விஷத்தை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டிக்குள் வளரவிடுவது. மீனை வைத்துக்கொண்டு பழக்கும்போது அந்தக் கஷ்டத்தைச் சுமப்பது மீன். அதனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

நடப்பது இதுதான். மீன் செவுள் வழியாக நாள் முழுக்க அமோனியாவை வெளியே விடுகிறது, தின்னாமல் கீழே விழுந்த தீனியும் கழிவும் அழுகி அதுவும் அமோனியா ஆகிறது. காவிரியில் இருக்கும் மீனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, 50 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மீனுக்கு அது போக வேறு இடமில்லை. இந்த அமோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா உண்டு. நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தத்தில் ஏறினால் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, ரத்தமே பழுப்பு நிறமாகிவிடும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை உண்டு. நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். நம் பக்கத்து விவசாயிக்கு இது புதிய சங்கதி இல்லை. வயலில் மேலுரமாக வீசும் யூரியா அமோனியாவாகி, மண்ணில் காற்றுப் படும் இடத்தில் நைட்ரேட்டாக மாறுவதும் இதே வேலைதான். 1890-இலேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்துக் காட்டிவிட்டார்.

இவை தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பதில்லை. பில்டர் ஸ்பாஞ்ச், கல், கண்ணாடி என்று எங்கே ஒட்ட முடியுமோ அங்கே ஒட்டிக்கொண்டு வளரும். இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்: பாதித் தண்ணீரை மாற்றினாலும் பாக்டீரியா போகாது, ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் போய்விடும். என் முதல் தொட்டியில் கடைக்காரர் சொன்னார் என்று வாராவாரம் முழுத் தண்ணீரையும் கொட்டி, ஸ்பாஞ்சையும் கல்லையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை அலசினேன். ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆறு கறுப்பு மோலியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

சரி, முதல் வேலை உறைமோர் தேடுவது. உறை ஊற்றாமல் பால் தயிராகாது, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கி ஊற்றினால் மறுநாள் காலை தயிர். அதேதான் இங்கேயும். ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக ஓடும் தொட்டி யாரிடமாவது இருந்தால், அவருடைய பில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, காயவிடாமல் அந்தத் தொட்டித் தண்ணீரோடே பையில் போட்டு வாங்கி வந்து, உடனே உங்கள் பில்டருக்குள் செருகுங்கள். ஆறு வாரம் ஆகவேண்டியது ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடலாம். அந்தத் தொட்டியில் நோய் இல்லையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உறை கிடைக்காவிட்டால் தானாக வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான், நாலிலிருந்து ஆறு வாரம். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் பெரும்பாலான மாதங்களில் 27, 28 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது இந்தப் பாக்டீரியாவுக்கு நல்லது, ஹீட்டர் தேவையில்லை.

இரண்டாவது, சொட்டு மருந்து போல ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) நாலும் வேண்டும். விலை மீன் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும், ஆனாலும் வாங்குங்கள், கண்ணால் பார்த்து அமோனியா தெரியாது, பளிங்கு போலத் தெளிந்த தண்ணீரில்தான் மீன் செத்து மிதக்கும். சின்னக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, கிட்டில் சொன்ன நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டின் கீழ் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றாகவே தெரியும். மஞ்சளாகவே இருந்தால் அமோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதி வையுங்கள்.

கணக்கு எளிது. அமோனியாவும் நைட்ரைட்டும் சேர்த்து 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) வரை இருந்தால் விட்டுவிடுங்கள், பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டும். அதற்கு மேல் ஏறினால் கால் பங்குத் தண்ணீர், 0.5 தாண்டினால் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். பாதி மாற்றினால் அளவும் பாதியாகும், அவ்வளவுதான். ஆகவே 1 காட்டினால் இப்போது பாதி, சில மணி நேரம் கழித்து இன்னொரு பாதி. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி முட்ட முட்ட நிரப்பினால் 56 லிட்டர், கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர், ஆக பாதி என்பது ஒன்றரைக் குடம். கிட் கைக்கு வரும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குடம் மாற்றிக்கொண்டே இருங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் டெல்டாக்காரர்கள் தடுமாறுவோம். கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும், அது மீனின் செவுளையும் சுடும், பாக்டீரியாவையும் கொல்லும். அகலமான வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், உள்ளே ஏர் பம்ப் குழாயைப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. அவசரமென்றால் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் போதும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் பல இடங்களில் பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும், அங்கே கவனம் வேண்டும். அமோனியா முழுவதும் ஒரே மாதிரி விஷம் இல்லை. 30 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் அதில் விஷப் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட வராது, பிஎச் 8 என்றால் நூற்றுக்கு ஏழு. கிட் ஒரே எண்ணைக் காட்டும், உங்கள் மீனுக்கு அது பல மடங்கு கடுமை. போர் தண்ணீர்க்காரர்கள் 0.5 வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றுங்கள். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் வேண்டாம். பாக்டீரியா வேலை செய்யும்போது தண்ணீரிலுள்ள கார்பனேட்டைச் செலவழிக்கும், ஆர்ஓ தண்ணீரில் அது இல்லாததால் பிஎச் சரிந்து எல்லாம் நின்றுபோகும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும்போது ஒரு குடம் மொண்டுவரலாமா என்று ஆசை வரும். வேண்டாம், வயல் வடிகாலில் வரும் உரமும் பூச்சிமருந்தும் அதில் கலந்திருக்கும்.

தீனி. முதல் நாள் ஒன்றும் போடாதீர்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு நிமிடத்துக்குள் தின்று முடிக்கும் அளவு. மீன் பட்டினி கிடக்கிறதே என்று வீட்டில் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், பிள்ளைகள் தெரியாமல் போடுவார்கள், டப்பாவை உயரத்தில் வையுங்கள். நல்ல மீன் ஒரு வாரம் தின்னாமல் தாங்கும், ஒரு வாரம் அமோனியாவைத் தாங்காது.

வேலம்பாசி கிடைத்தால் ஒரு கைப்பிடி போடுங்கள். பாசி அமோனியாவை நேராகவே உறிஞ்சும். குளத்திலிருந்து எடுத்தால் அட்டையும் தும்பியின் புழுவும் கூடவே வரும், தும்பிப்புழு குட்டி மீனைப் பிடித்துத் தின்னும், அதனால் ஒரு வாரம் தனி வாளியில் வைத்து அலசிவிட்டுப் போடுங்கள். மணி பிளான்ட் கொடியை வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி விளிம்பில் மாட்டினாலும் உதவும்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அமோனியா சட்டென்று குறையும். இங்கேதான் பலர் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அன்றைக்கு நைட்ரைட் பார்த்தால் வெளிர் நீலமாக இருந்த குழாய் கத்தரிப்பூ நிறமாகியிருக்கும். இந்தக் கட்டம் அமோனியாக் கட்டத்தைவிட நீளமாகவே இழுக்கும். தண்ணீர் மாற்றுவதைத் தொடருங்கள், கூடவே லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்பு, அதாவது இந்தத் தொட்டிக்கு 45 கிராம், ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். வேதாரண்யம் உப்பளத்துக் கல்லுப்பு, எதுவும் கலக்காதது, அதுவே போதும். அதன் பிறகு தண்ணீர் மாற்றும்போது புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் உப்புச் சேர்க்க வேண்டும்.

இடையில் தண்ணீர் பால் கலந்தது போல மங்கலாகும். அது வேறு வகை பாக்டீரியா பெருகுவது, மீனுக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை, தீனியைக் குறைத்தால் சில நாளில் தெளியும், தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். பில்டரில் தண்ணீர் போவது குறைந்தால் மட்டும் ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் இருக்கும் வாளியில் இரண்டு முறை அமுக்கி எடுங்கள். வாளித் தண்ணீர் கும்பகோணம் டிகாக்‌ஷன் போலக் கறுப்பாகும். அழுக்கு வெளியேறினால் போதும், வெள்ளையாக வேண்டியதில்லை. அந்த வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், உப்புப் போட்ட நாட்களில் மட்டும் வேண்டாம்.

மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றால், செவுள் சிவந்திருந்தால், டெஸ்ட் முடிவுக்குக் காத்திராமல் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். கௌராமியும் பைட்டரும் இதற்கு விலக்கு, அவை எப்போதும் மேலே வந்து காற்றை உறிஞ்சிவிட்டுப் போகும். காற்றை நேராக மூச்சாக இழுக்க அவற்றுக்குத் தனி உறுப்பு உண்டு, நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்பு உண்டு. தரங்கம்பாடியில் அது பனையில் ஏறியதைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதியது 1797-இல் லண்டனில் வெளியானது. காற்றை மூச்சாக இழுக்க முடிகிறது என்பதற்காக அவற்றை அமோனியா சுடாமல் விடாது.

பம்பை இரவில் நிறுத்தாதீர்கள், பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும், கத்திரி வெயிலில் சூடான தண்ணீரில் அது ஏற்கனவே குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கிறவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்ப் இல்லாவிட்டால் ஒரு சொம்பால் மொண்டு அரையடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், அதுவும் காற்றைக் கலக்கும்.

தினமும் தீனி போட்டும், தண்ணீர் மாற்றாமலும், ஒரு வாரம் தொடர்ந்து அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்து நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டு வந்தால் தொட்டி பழகிவிட்டது. ஒரு குடத்துக்குக் குறையாமல் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை 40 பிபிஎம்முக்குள் கொண்டுவாருங்கள், இனி வாரம் ஒருமுறை இதுதான் வேலை. புது மீனை இரண்டு இரண்டாக விடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் தினமும் அமோனியா பாருங்கள், ஏனென்றால் இப்போது இருக்கும் பாக்டீரியா இப்போது இருக்கும் மீன்களின் கழிவுக்குத்தான் போதும். இந்த இரண்டடித் தொட்டியில் தங்கமீன் சேர்க்காதீர்கள், அது பெரிதாக வளரும், கழிவும் மிக அதிகம். கப்பி, பிளாட்டி, ஜீப்ரா இவற்றில் ஏழெட்டு போதும்.