போர்ச்சுகீஸ் பேசுறவங்க எல்லாரும் ஒரே கூட்டம் இல்லைங்க

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் போனா ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்ட்ல போர்ச்சுகலோட அசோர்ஸ் தீவுக்காரங்க, பிராக்டன்ல மேற்கு ஆப்பிரிக்கா பக்கத்துத் தீவு நாடான கேப் வெர்டேக்காரங்க, ஃப்ரேமிங்ஹாம்ல பிரேசில்காரங்கன்னு போர்ச்சுகீஸ் தொடர்புள்ளவங்க நிறைய பேர் இருக்காங்க. இவங்க உடல்நலம் பத்திப் பேசுறப்போ எல்லாரும் செய்யுற மொத தப்பே கணக்குல தான் ஆரம்பிக்குது. பிரேசில்காரங்கள ஹிஸ்பானிக்னு சேர்த்துடுவாங்க, ஆனா அரசாங்க விளக்கப்படி அது ஸ்பானிஷ் வேர் உள்ளவங்களுக்கு மட்டும் தான். வழக்கமா அவங்களே ஹிஸ்பானிக்னு எழுதினாலும் மக்கள்தொகை கணக்கெடுக்கிற சென்சஸ் பீரோ அத மாத்திடும், 2020 சர்வேல அப்படி மாத்தாம விட்டுட்டதால குறைஞ்சது 4,16,000 பிரேசில்காரங்க ஹிஸ்பானிக்னு பதிவாயிட்டாங்க, முந்தின வருஷம் அது 14,000 தான். போர்ச்சுகீஸ் பேசுறவங்கள்ல சில பேர் வெள்ளையர் கட்டத்துல, சில பேர் கறுப்பர் கட்டத்துலன்னு சிதறிப் போனா யாருக்கு என்ன நோய் அதிகம்னு எப்படித் தெரியும்?

அடுத்தது ஆஸ்பத்திரியில மொழி. ஸ்பானிஷ் தெரிஞ்சவங்கள வச்சு சமாளிச்சிடலாம்னு நினைக்காதீங்க. ஸ்பானிஷ்ல எம்பரசாதான்னா கர்ப்பமா இருக்கா, போர்ச்சுகீஸ்ல கிட்டத்தட்ட அதே சத்தத்துல வர்ற வார்த்தைக்கு கூச்சப்படுறான்னு அர்த்தம். போர்ச்சுகல்காரர் கான்ஸ்டிபாதுன்னு சொன்னா சளி பிடிச்சிருக்குன்னு அர்த்தம், இங்கிலீஷ் காதுக்கு அது மலச்சிக்கலா கேக்கும், அப்புறம் சளிக்கு வந்தவருக்கு பேதி மருந்து தான் கிடைக்கும். கேப் வெர்டேக்காரங்களுக்கு போர்ச்சுகீஸ் மொழிபெயர்ப்பாளரே போதாது, அந்தத் தீவுகள் 1975 வரை போர்ச்சுகல் கையில இருந்ததால ஆபீஸ் மொழி போர்ச்சுகீஸ், ஆனா வீட்டுல பேசுறது போர்ச்சுகீஸும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து உருவான கிரியோல். அதனால "போர்ச்சுகீஸ் தெரியுமா"ன்னு கேக்காம "வீட்டுல என்ன பேசுவீங்க"ன்னு கேளுங்க. கூட வந்த பத்து வயசுப் பிள்ளைய மட்டும் நடுவுல நிறுத்திடாதீங்க, அம்மாவோட கர்ப்பப்பை பிரச்சனைய அந்தக் குழந்தை எப்படிச் சொல்லும், பாவம். மாசசூசெட்ஸ்ல எமர்ஜென்சி வார்டுல மொழிபெயர்ப்பாளர் தரணும்னு 2000-லயே சட்டம் போட்டாச்சு.

அசோர்ஸ் வம்சாவளியில மச்சாடோ-ஜோசப்னு ஒரு பரம்பரை நரம்பு நோய் இருக்கு, அமெரிக்காவுக்கு வந்த ரெண்டு குடும்பங்களோட பேர் தான் அது. பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் 50% வாய்ப்பு. நடை தள்ளாடும், பேச்சு குழறும், பாக்குறவங்க குடிச்சிருக்காங்கன்னு முடிவு கட்டிடுவாங்க. தயவுசெஞ்சு குடும்பம் எந்தத் தீவுன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

எனக்கு ரொம்ப வலிக்கிறது கடைசித் தப்பு, "இவங்க டாக்டர்கிட்ட வர மாட்டாங்க, அது அவங்க கலாச்சாரம்"னு சொல்றது. பிரேசில்ல 1988 அரசியலமைப்பே மருத்துவம் எல்லாருக்கும் உரிமைன்னு சொல்லுது, அரசு ஆஸ்பத்திரில இலவசமா பாத்துட்டு வந்தவங்க அவங்க. இங்க வீடு வீடா சுத்தம் பண்ற வேலை, லீவு போட்டா அன்னைக்கு சம்பளம் இல்ல, குடியேற்ற பேப்பர் இல்லாதவங்களுக்கு இன்சூரன்ஸ் கிடைக்கிறது கஷ்டம், பில்லு வந்துடுமோ, யாராவது பிடிச்சுக் குடுத்துடுவாங்களோன்னு பயம், அதுல தான் நெஞ்சு வலியக்கூட ரெண்டு நாள் தாங்கிட்டு வர்றாங்க. காசு இல்லன்னு எமர்ஜென்சில திருப்பி அனுப்பக் கூடாதுன்னு 1986-லேர்ந்து நாடு முழுக்க சட்டம் இருக்கு, அத அவங்க மொழியில வாசல்லயே சொல்லிடுங்க.