கடினமான தடம் வேறு, ஆபத்தான தடம் வேறு: ஆஃப்ரோடு பாதை போடுபவர்கள் செய்யும் தவறுகள்

எஸ்டேட்டில் பத்து ஏக்கர் சும்மா கிடக்கிறது, ஜேசிபியை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தால் ஆஃப்ரோடு டிராக் (கல்லிலும் மண்ணிலும் வண்டி ஓட்டிப் பார்க்கும் கரடுமுரடான தடம்) தயார் என்று நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2020-இல் மஹிந்திராவின் புதிய தார் ஜீப் வந்த பிறகு நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஓட்டத்தான் இடமில்லை. ரிசர்வ் காட்டுக்குள் வண்டியை விட்டால் வழக்கு வரும். அதனால் சொந்த நிலத்தில் தடம் போட்டு, வருபவர்களிடம் கட்டணம் வாங்குவது நியாயமான வழிதான். ஆனால் போடுகிற தடத்தில் எங்கே சவாலை வைப்பது, எங்கே வைக்கக் கூடாது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

ஏறுவது கஷ்டமா, தோற்றால் கஷ்டமா?

எந்தத் தடையைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதைத் தாண்டுவது எவ்வளவு கஷ்டம்? தாண்ட முடியாமல் போனால் வண்டி எங்கே போய் நிற்கும்? முதல் கேள்விக்கான பதில்தான் சவால். இரண்டாவதுக்கான பதில் ஆபத்து. இரண்டையும் போட்டுக் குழப்புவதுதான் மற்ற எல்லாத் தவறுக்கும் தாய்.

சமதரையில் 60 செ.மீ. உயரத்துக்கு ஒரு கல்படி வைத்தால் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிற வண்டிகளில் பெரும்பாலானவை ஏறாது. சக்கரம் சுற்றும், பம்பர் உரசும், வண்டி இருந்த இடத்திலேயே நிற்கும். அவ்வளவுதான். புல் முளைத்த ஒரு சாய்வான வரப்புப் பாதையில் காய்ந்த நாளில் யார் வேண்டுமானாலும் போவார்கள். அதன் கீழ்ப்பக்கம் ஓடையாக இருந்தால், பனி இறங்கிய ஒரு காலை போதும். பல டிராக்குகளில் கல்படிக்குக் கறுப்பு போர்டும் (மிகக் கடினம்) வரப்புக்குப் பச்சை போர்டும் (எளிது) தொங்குகின்றன. இருக்க வேண்டியது தலைகீழாக.

பக்கச் சாய்வைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி உருள்வது பெரும்பாலும் இங்கேதான். தார் வகை வண்டியில் இடது வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.5 மீட்டர். 20 டிகிரி சாய்வில் வண்டி குறுக்காகப் போகும்போது மேல்பக்கச் சக்கரம் 20 செ.மீ. கல் ஒன்றின் மேல் ஏறினால் சாய்வு ஏழரை டிகிரி கூடும். அதே நொடியில் கீழ்ப்பக்கச் சக்கரம் 20 செ.மீ. குழியில் இறங்கினால் இன்னொரு ஏழரை. ஆக, 20 டிகிரி என்று அளந்து வைத்த இடம் ஓட்டுபவருக்கு 35 டிகிரி. கீழ்ப்பக்க சஸ்பென்ஷன் அமுங்குவதையும், கூரை கேரியரில் கட்டிய சாமானையும், பின்சீட்டில் எகிறும் நான்கு பேரையும் இதில் சேர்க்கவே இல்லை. பக்கச் சாய்வு வைக்க வேண்டுமென்றால் வையுங்கள். ஆனால் அதன் தரை வழவழப்பாக இருக்கட்டும், கீழே ஓரமாக ஒரு மண்கரை இருக்கட்டும். கல்லையும் குழியையும் சமதரைக்குக் கொண்டுபோங்கள். கிராஸ் ஆக்சில் குழிகளுக்கும், அதாவது மூலைக்கு மூலை சக்கரத்தை இறக்கும் குழிகளுக்கும், இதே விதிதான்: எதிரெதிர் மூலையில், ஒரு வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) இடைவெளியில், 30 செ.மீ. ஆழத்தில் ஆரம்பித்தால் ஒரு சக்கரம் காற்றில் தூக்கும், பார்ப்பவர் கை தட்டுவார், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

லேசாக்கினால் பாதுகாப்பு என்ற நினைப்பு

ஒரு விபத்து நடந்ததும் முதல் வேலையாகக் கல்லையெல்லாம் பொறுக்கிப் போட்டுத் தடத்தை நிரவிவிடுவார்கள். அடுத்த வாரமே 10 கி.மீ. வேகத்தில் போன இடத்தில் 40-இல் போவார்கள். தடம் எளிதாகும்போது சவாலைத் தேடி வந்தவர் வேகத்தில் அதைத் தேடுகிறார்.

கணக்கு இதுதான். 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுநர் எதையாவது கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் 12 மீட்டர் ஓடிவிடும் (ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால்). சரளையில் நிற்க இன்னொரு 9 மீட்டர். மொத்தம் 21. எதிரே இன்னொரு வண்டி வந்தால் இரண்டுக்கும் சேர்த்து 42 மீட்டர் பார்வை வேண்டும். ஈரக் களியில் இது 60-ஐத் தொடும். தேயிலைக் காட்டு வளைவில் 42 மீட்டர் எங்கே தெரிகிறது? அதனால் ஒற்றைத் தடம் என்றால் ஒருவழிதான், இதில் சமரசம் வேண்டாம். 30, 40 மீட்டருக்கு ஒரு இடத்தில் வண்டியைத் தவழ வைக்கிற மாதிரி கல்லோ, திருப்பமோ, குறுக்குக் கட்டையோ இருக்கட்டும். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் ஒவ்வொரு வண்டியிலும் தரையிலிருந்து 8 அடி உயரத்துக்குக் கம்பு நட்டுச் சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கொடி கட்டுவது கட்டாயம். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டிக்கு முன்னால் கொடி தெரியும். இருவழியாக விட்டே தீர வேண்டிய திறந்த நிலத்துக்கு இது மலிவான ஏற்பாடு.

வடிகட்டியைக் கடைசியில் வைப்பது

தடத்தில் இருப்பதிலேயே கடினமான இடத்தைக் கிளைமாக்ஸ் போலக் கடைசியில் வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அங்கே வந்து மாட்டிக்கொள்பவர் திரும்பவும் முடியாது, பின்னால் ஆறு வண்டி நிற்கும், அவசரத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பார். தாங்காத வண்டியை முன்பே திருப்பி அனுப்பும் வடிகட்டும் தடை நுழைவாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்க வேண்டும், பக்கத்திலேயே வண்டி திருப்ப இடத்தோடு. உள்ளே இருக்கிற மோசமான இடத்தின் அளவுகள் அத்தனையும் அதில் இருக்க வேண்டும். உள்ளே இரண்டு மரங்களுக்கு நடுவே 2 மீட்டர் இடைவெளி என்றால் வாசலிலும் 2 மீட்டரில் இரண்டு கல்தூண்.

ஒரே வண்டியை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு "எல்லா வண்டியும் போகும்" என்று எழுதிவிடுவதும் இதைச் சேர்ந்த பிழை. மூன்று கதவுத் தாரின் ரேம்ப் ஓவர் கோணம் (வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் கோணம்) 27 டிகிரி. மாருதியின் ஐந்து கதவு ஜிம்னிக்கு 24. வீல்பேஸ் 2850 மி.மீ. உள்ள தார் ராக்ஸுக்கு 24-க்கும் சற்றுக் குறைவு. மீட்டருக்கு 23 செ.மீ. ஏறி உடனே அதே அளவு இறங்கும் கூர்மையான மேடு ஒன்று போட்டால் மொத்தக் கோணம் 26. முதல் வண்டி தாண்டும். மற்ற இரண்டுக்கும் வயிறு தட்டும். கண்ணுக்கு அந்த மேடு ஒரு பொருட்டாகவே தெரியாது. போர்டில் "எக்ஸ்பர்ட்டுக்கு மட்டும்" என்று எழுதிப் பயனில்லை, தன்னை எக்ஸ்பர்ட் இல்லை என்று யார் நினைக்கிறார்? "ரேம்ப் ஓவர் 26 டிகிரிக்குக் குறைந்த வண்டி தட்டும்", "நீர் ஆழம் 40 செ.மீ." என்று அளவை எழுதுங்கள்.

மாற்றுவழி விடாதது

கலிஃபோர்னியாவில் ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து லேக் டாஹோ நோக்கிப் போகும் ரூபிகன் டிரெயில் ஜீப்காரர்களுக்கு ஒரு யாத்திரைத் தலம். 1953 முதல் ஜீப்பர்ஸ் ஜம்போரி என்ற ஜீப் பயணம் அங்கே நடக்கிறது. அதில் லிட்டில் ஸ்லூஸ் என்று ஒரு கல்லோடை. கடினம் போதவில்லை என்று ஓட்டுபவர்களே பெரிய பாறைகளை உருட்டிவிட்டார்கள். சாதாரண ஜீப் போக முடியாத இடமானதும் மற்றவர்கள் ஓரமாகச் சுற்றிப் போனார்கள், வேடிக்கை பார்க்கக் கூட்டமும் சேர்ந்தது. பிற்பாடு கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகமே அந்தப் பாறைகளை உடைத்துச் சிறிதாக்க வேண்டியதாயிற்று. 2009-இல் அந்தப் பகுதியின் நீர்த்தர வாரியம் தடத்திலிருந்து அரித்து வரும் மண், எண்ணெய், மனிதக் கழிவு ஆகியவற்றைச் சரிசெய்யும்படி கவுண்டிக்கும் வனத்துறைக்கும் ஆணை போட்டது.

ஒவ்வொரு கடினமான தடைக்கும் பக்கத்திலேயே ஒரு சுலபமான வழியை நீங்களே வெட்டி, கல் நட்டு எல்லை காட்டிவிடுங்கள். நீங்கள் வெட்டாவிட்டால் அவர்கள் வெட்டுவார்கள், அதுவும் மழை நேரத்தில், அரிக்கிற மண்ணில். மாற்றுவழி தடைக்கு முன்னாலேயே பிரிய வேண்டும். பாதி ஏறிய பிறகு தெரிகிற மாற்றுவழி யாருக்கும் உதவாது.

செங்குத்து ஏற்றத்தில் விடவேண்டியது வேறொன்று: அடிவாரத்தில் வெறும் இடம். ஏற முடியாத வண்டி ரிவர்ஸ் கியரில், கிளட்ச்சைத் தொடாமல், நேராகப் பின்னால் இறங்க வேண்டும். குறுக்கே திருப்பினால் உருளும். அப்படி இறங்க அடியில் குறைந்தது 20 மீட்டர் வளைவில்லாத தரை தேவை. நடைமுறையில் அந்த இடத்தில்தான் அடுத்த வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, முன்னால் போன வண்டி உச்சி ஏறிக் கொடி காட்டும் வரை யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது என்றால் முடிந்தது.

தண்ணீர்

650 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று தார் பிரசுரத்தில் இருப்பது நிற்கிற தண்ணீருக்கு. ஓடும் தண்ணீரில் அரை மீட்டரைத் தாண்டினாலே வண்டி மிதக்கப் பார்க்கும். ஓடைக் குறுக்கில், அதன் ஆழமான தரையிலிருந்து 40 செ.மீ. மட்டத்தில் சிவப்புப் பட்டை அடித்த கம்பம் ஒன்றை இரு கரையிலும் நடுங்கள். பட்டை மறைந்தால் வாசல் பூட்டு. மலையோடையில் இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை வந்து இறங்கும். கடக்கும் இடத்துக்குக் கீழே உடனே பள்ளம் இருக்கக் கூடாது.

வேடிக்கை பார்ப்பவர்களும் கயிறும்

வண்டி ஓட்டுபவர் பெல்ட் போட்டு இரும்புக்குள் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பவருக்கு ஒன்றுமில்லை. கூட்டம் எப்போதும் மேல்பக்கம்தான் நிற்க வேண்டும். வளைவின் வெளிப்புறத்திலும் ஏற்றத்தின் அடியிலும் ஒருவர்கூடக் கூடாது. வழிகாட்டும் ஸ்பாட்டர் ஒரே ஒருவர். நாலு பேர் நாலு திசையில் கை காட்டினால் ஓட்டுபவர் ஐந்தாவது திசையில் போவார். ஸ்பாட்டரும் வண்டிக்கும் பாறைக்கும் நடுவே நிற்கக் கூடாது.

மாட்டிய வண்டியை எடுக்கும்போதுதான் உயிர் போகிற ஆபத்து அதிகம். டோ பாலில் (வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டு) கயிற்றை மாட்டி இழுப்பதை முற்றிலும் தடை செய்யுங்கள். அது டிரெய்லர் இழுக்க, சுண்டி இழுக்க அல்ல. முறிந்தால் பீரங்கிக் குண்டு போல் வரும். மாட்டிய வண்டியைச் சுண்டி இழுக்கும் கைனட்டிக் ரோப் 30 சதவீதம் வரை நீளும், அந்த நீட்சியில்தான் சக்தி சேர்கிறது. 9 மீட்டர் ரோப் என்றால் 14 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது, கயிற்றின் நேர்கோட்டில் எந்தத் தூரத்திலும் கூடாது. கயிற்றை வண்டியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளில் தாங்கும் எடை அச்சடித்திருக்க வேண்டும். முக்கால் இன்ச் ஷேக்கிள் 4.75 டன். ஹார்டுவேர் கடையில் எழுத்தே இல்லாமல் பளபளக்கும் ஷேக்கிள் பந்தல் கட்டத்தான் லாயக்கு.

தடத்தைக் குறுக்கே கடக்கிற ஆட்களையும் மறந்துவிடாதீர்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் அது நேற்றுவரை நடைபாதை. வண்டி ஓடும் நாளைக் கண்காணி மூலமாக முன்னதாகவே சொல்லி, கடக்கும் இடத்தில் ஆள் போட வேண்டும்.

ஒவ்வொரு தடைக்கும் எண் போட்ட போர்டு இருந்தால் "எட்டாம் நம்பரில் ஆள் அடிபட்டது" என்று வாக்கி டாக்கியில் சொல்ல முடியும். 108 வண்டி உங்கள் தடத்தில் ஏறாது. அது எதுவரை வரும், அங்கே ஸ்ட்ரெச்சரை எப்படிக் கொண்டுபோவது என்பதை ஒருமுறை நடந்தே பாருங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: சாதாரண கார் பாலிசியில் ஏற்பாடு செய்த பந்தயம், வேகச் சோதனை, தாக்குப்பிடிக்கும் போட்டி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கட்டணம் வாங்கி நடத்தும் நிகழ்ச்சிக்குத் தனிப் பாலிசி பற்றி முன்பே பேசிவிட வேண்டும்.

ஒருமுறை போட்டதோடு விடுவது

மண்தடம் தினமும் மாறும். 30 செ.மீ. குழி ஐம்பது வண்டி போனால் 45 ஆகும். காலையில் நீல போர்டு (நடுத்தரம்) பொருந்திய இடத்துக்கு மாலையில் கறுப்பு வேண்டும். ஒவ்வொரு ஓட்ட நாளும் முதல் வண்டிக்கு முன் ஒருவர் அளவுகோல் குச்சியோடு நடந்து வர வேண்டும். தடத்தின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனால் தண்ணீர் குறுக்கே வழியாமல் தடத்திலேயே ஓடி அதை வாய்க்காலாக்கிவிடும். இடையிடையே தடத்தைச் சற்றுத் தாழ்த்தி ஏற்றினால் தண்ணீர் அங்கே பக்கவாட்டில் இறங்கிவிடும்.

மழைக்கு மறுநாள் திறக்கலாமா என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தடத்தின் மிகச் சரிவான இடத்தில் ஒரு கை மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் தடிமனுக்குத் திரியாக வந்தால் அன்றைக்கு வாசலைப் பூட்டிவிட்டு, முன்பதிவு செய்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். உதிர்ந்தால் திறக்கலாம்.