முதல் தடவை நிலாவெளிக்கு: மாதம் தெரிவதிலிருந்து திரும்பிப் போகும் பஸ் வரை

நிலாவெளிக் கடலின் படங்களைப் பார்த்துவிட்டு, "எப்போது வரலாம், ரூம் எங்கே எடுப்பது?" என்று கேட்கும் உறவினர்களும் நண்பர்களும் எனக்கு நிறைய. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. முதல் தடவை வருகிறவர்களுக்குத்தான் இது.

படத்தில் நீலக் கடலும் மணலும் வரும், அவற்றுக்குப் பின்னால் இருப்பது வராது. இந்தக் கரை ஒடுங்கிய ஒரு மணல் பட்டி. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் புல்மோட்டை வீதி, அதைத் தாண்டினால் களப்பு, வயல், பனை, பற்றைக்காடு. வெயிலும் சவர்த் தண்ணீரும் நுளம்பும் யானையும் இந்த மண்ணோடு சேர்ந்தவை. அதனால் எல்லோருக்கும் நான் சொல்லும் திட்டம் ஒன்றுதான்: காலையில் கடல், மதியம் நிழல், பொழுதுபட முன் காட்டு வீதியை விட்டு வெளியே. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் பாருங்கள்.

படி 1: காற்றைப் பார்த்து மாதத்தை எடுங்கள்

காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் நன்றாக இருக்கும் டிசம்பரில் இங்கே வாடைக்காற்றும் மழையும். ஒக்டோபர் கடைசியில் தொடங்கினால் ஜனவரி வரை போகும். கடல் கலங்கிக் கிடக்கும், போட் ஓடாது, கரையோர விடுதிகள் பலவற்றில் ஆட்களே இருக்க மாட்டார்கள். புயல் வருவதும் இந்த மாதங்களில்தான். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி புயல் கரை கடந்தது திருகோணமலைக்கு வடக்கே உள்ள கரையில். "டிசம்பர் விடுமுறைக்கு வருகிறோம்" என்று யாராவது சொன்னால் நான் உடனே மறித்துவிடுவேன்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை அடங்கி, கரையோரம் குளம் போலக் கிடக்கும். ஆனால் அதே காற்று சூடானது, வறண்டது. வெளியே நின்றால் உதடு வெடிக்கும். மென்மையான வெயில் வேண்டுமென்றால் மார்ச் கடைசி, ஏப்ரல். கடல் கண்ணாடியாக இருக்க வேண்டுமென்றால் ஜூன், ஜூலை. இரண்டையும் ஒரே மாதத்தில் எதிர்பார்க்க வேண்டாம். சித்திரைப் புத்தாண்டு வாரத்திலும் ஓகஸ்ட் பள்ளி விடுமுறையிலும் அறை வாடகை ஏறும், கூட்டமும் அதிகம்.

படி 2: எந்தக் கரையில் தங்குவது?

திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 5 கிலோமீற்றரில் உப்புவெளி, 15 கிலோமீற்றரில் நிலாவெளி. வாகனம் இல்லாமல் வருகிறவர்கள் உப்புவெளியில், அலஸ் தோட்டம் பக்கமாகத் தங்குங்கள். நடந்து போகிற தூரத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கும், நகரத்துக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். அமைதியும் நீண்ட கரையும் வேண்டுபவர்கள் நிலாவெளிக்குப் போங்கள். ஆனால் அங்கே இரவு எட்டு மணிக்குப் பால்மா வாங்க வேண்டுமென்றாலும் வாகனம் தேடவேண்டி வரலாம். சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வரும் குடும்பங்களுக்கு நகரத்துக்குள் தங்குவதைத்தான் சொல்வேன். பெரியாஸ்பத்திரி, மருந்துக்கடை, சைவக் கடை எல்லாம் பக்கத்தில்.

அறை பதிவு செய்ய முன் தொலைபேசியில் மூன்று கேள்வி கேளுங்கள். குளிக்கும் தண்ணீர் நல்ல தண்ணீரா, சவரா? கடலுக்கு இவ்வளவு கிட்டக் கிணறு தோண்டினால் பல இடங்களில் சவர்தான் வரும். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் திரித்திரியாக ஒட்டும். குழாய்த் தண்ணீர் வருகிற இடமென்றால் பிரச்சினை இல்லை. அடுத்தது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா? கச்சான் காலத்து இரவில் காற்றாடி கூட இல்லாமல் தூங்குவது கடினம். மூன்றாவது, நுளம்பு வலை. இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவரிடம் நம்பி எடுக்கலாம்.

"கடலோரம்" என்று போட்டிருந்தால் கரைக்கு எத்தனை மீற்றர் என்றும் கேளுங்கள். வீதியின் மேற்குப் பக்கம் இருக்கும் அறைகளையும் சிலர் கடலோரம் என்றே விளம்பரம் செய்கிறார்கள்.

படி 3: வருகிற வழி

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தால் குருநாகல், தம்புள்ள, ஹபரண, கந்தளாய் வழி. ரயில் என்றால் கல்லோயாச் சந்தியில் பிரியும் பாதை. இரவு ரயில் ஓடும் காலத்தில் அதுதான் எனக்குப் பிடித்தது, விடிய இறங்கி நேரே கடலைப் பார்க்கலாம். நேர அட்டவணை மாறிக்கொண்டிருக்கும் என்பதால் நிலையத்தில் கேட்டு, இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். காட்டுப் பகுதியில் யானை குறுக்கிடும் என்பதால் வண்டி மெதுவாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள், அது தேவையான மெதுவு.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி. மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக வாருங்கள். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். அதற்கு முன் அந்த இடத்தில் பாதை என்று சொல்லும் படகில் வாகனத்தை ஏற்றிக் கடந்தவர்கள் நாங்கள். பாலத்தின் மேல் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், அவ்வளவு அழகு.

சொந்த வாகனத்திலோ மோட்டார் சைக்கிளிலோ வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஹபரணவுக்கும் கந்தளாய்க்கும் இடையே வீதியின் இரண்டு பக்கமும் யானைக் காடு. பொழுதுபட்டால் அவை வீதிக்கு வரும். மாலை ஐந்து மணிக்கு முன் அந்தத் துண்டைக் கடந்துவிடும்படி நேரத்தைக் கணக்குப் போடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். வாழைப்பழம் நீட்டுவது மிகப் பெரிய பிழை. தீனிக்காக வாகனத்தை மறிக்கப் பழகிய யானை, அடுத்து வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு ஆபத்தாகிறது.

படி 4: பையில் என்ன?

நீளக்கை மெல்லிய சட்டை, தொப்பி, மேற்பக்கம் வலைத்துணியாக உள்ள ரப்பர்ச் சப்பாத்து, துவாய், சின்ன டோர்ச், நுளம்பு மருந்து, ஜீவனிப் பைக்கற்று (உடலில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) இரண்டு. காசைக் கையில் வைத்திருங்கள். ஏ.டி.எம் நகரத்தில்தான் தாராளம், போட்காரரும் ஓட்டோக்காரரும் காசாகவே எதிர்பார்ப்பார்கள். இலங்கையர்கள் தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம், ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். ட்ரோன் கொண்டுவர நினைத்தால் முதலில் அனுமதி எடுங்கள். இது கடற்படைத் தளமும் விமானப்படைத் தளமும் உள்ள ஊர்.

படி 5: முதல் நாள் கடலில் இறங்குவது

கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்து எழும்பும், மாலையில் மரங்களுக்குப் பின்னால் மறையும். படம் வேண்டுமென்றால் ஆறு மணிக்கு முன் கரையில் நிற்க வேண்டும். குளிப்பதற்கும் அந்த நேரம்தான் நல்லது. ஒன்பதரை, பத்துக்கு மேல் பிள்ளைகளை வெயிலில் விடாதீர்கள்.

இறங்க முன் விடுதிக்காரரிடமோ கரையில் வலை பொத்துகிறவரிடமோ "இன்றைக்குக் கடல் எப்படி, எந்த இடத்தில் இழுப்பு?" என்று கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். அலை உடையாமல் ஒரு இடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால் அங்கே நீரோட்டம் உள்ளே இழுக்கும். அகப்பட்டால் கரையைப் பார்த்து நீந்திக் களைக்காதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிவிட்டுத் திரும்புங்கள்.

கச்சான் காலத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. கடல் அமைதியாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளைக் காற்றடைத்த வளையத்திலோ மெத்தையிலோ விடுவார்கள். காற்று கடலை நோக்கி அல்லவா வீசுகிறது? சில நிமிடத்தில் ஆள் எட்டாத தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். வளையம் வேண்டாம், உயிர்காப்பு அங்கி போடுங்கள். எட்டிப்பிடிக்கிற தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்கட்டும்.

கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள், வலைக்குள் நீந்தாதீர்கள். பக்கத்தில் நின்று பார்க்கலாம், ஒரு கை கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். மீன் வாங்கி விடுதியில் சமைக்கக் கொடுக்கவும் முடியும்.

படி 6: புறாத்தீவு

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், போட்டில் பத்து, பதினைந்து நிமிடம். பிரித்தானியக் கடற்படை ஒரு காலத்தில் சூட்டுப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்த தீவு இது. 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. இப்போது வனசீவராசிகள் திணைக்களத்தின் கையில்.

செலவு இரண்டு வகை: திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு ஒன்று, போட் கூலி இன்னொன்று. நுழைவுச் சீட்டில் உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அடையாள அட்டை கொண்டுவரச் சொன்னது இதற்குத்தான். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த மச்சான், மச்சாளுக்கு வெளிநாட்டுக் கட்டணம் கேட்பார்கள், அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள். போட் கூலி பெரும்பாலும் ஒரு போட்டுக்கு என்பதால் நான்கைந்து பேராகச் சேர்ந்தால் ஆளுக்குக் குறையும். ஏற முன், போக வர மொத்தம் எவ்வளவு, தண்ணீருக்குள் பார்க்கப் போடும் கண்ணாடியும் காலில் மாட்டி நீந்தும் செட்டையும் அதற்குள் அடங்குமா, எத்தனை மணிக்குத் திரும்ப எடுப்பார் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் போட்டிலேயே போங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு கூட்டம், வார இறுதியென்றால் தண்ணீருக்குள்ளும் நெரிசல். தீவில் கடையை எதிர்பார்க்க வேண்டாம், ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் வையுங்கள். பொலித்தீன் பையும் சாப்பாட்டுப் பொதியும் கரையிலேயே இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். காலடியில் நொறுங்குபவை இறந்த முருகைக்கல் துண்டுகள், வெறுங்காலில் கிழிக்கும். தண்ணீருக்குள் நிறத்தோடு நிற்பவை உயிருள்ளவை. பார்க்கக் கல்தான், ஆனால் கோடிக்கணக்கான சின்ன உயிர்கள் கட்டிய வீடு அது. உருண்டு திரண்டு நிற்கும் முருகைக்கல் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். களைத்துப்போய் அதன் மேல் ஒரு நிமிடம் ஏறி நின்றால் பல ஆண்டு வளர்ச்சி போய்விடும். நீந்தத் தெரியாதவர்கள் அங்கி போட்டு மிதந்தபடி பாருங்கள், காலை ஊன்ற வேண்டாம். கண்ணாடியை இடுப்பளவுத் தண்ணீரில், மணல் உள்ள இடத்தில் போட்டுப் பழகிவிட்டு அப்புறம் உள்ளே போங்கள். முதுகில் கிரீம் அப்புவதைவிட நீளக்கைச் சட்டை நல்லது, உங்களுக்கும் கடலுக்கும்.

செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் அங்கே சுற்றும். பயப்பட வேண்டாம், ஆளைக் கண்டால் விலகிப் போகிறவை. துரத்தாமல் ஓரிடத்தில் மிதந்தால் தாமாகவே பக்கத்தில் வரும். அதைப் பார்த்துவிட்டு மேலே வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் திரும்பத் திரும்ப ஆட்களை அங்கே அனுப்புகிறேன்.

திமிங்கிலம் பார்க்கும் போட்டும் விடியற்காலையில்தான் புறப்படும். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு இருப்பதால் ஆழம் கரைக்குக் கிட்டவே வந்துவிடுகிறது. நீலத் திமிங்கிலத்தை இங்கே காண முடிவது அதனால்தான். குறைந்தது 100 மீற்றர் தள்ளி நிற்கும் ஓட்டியைத் தெரிவு செய்யுங்கள். "துரத்திக் காட்டுகிறேன்" என்பவரோடு போகாதீர்கள்.

படி 7: மதியமும் மாலையும்

பதினொன்றுக்குப் பிறகு அறைக்கோ நிழலுக்கோ வாருங்கள். சோறும் கறியும் வீதியோரக் கடையில் மலிவு, சுவையும் அதிகம். கரையோர உணவகத்தில் பாரை, கணவாய், நண்டு கேட்டால் நிறுத்துக் காட்டி விலை சொன்ன பிறகே சம்மதியுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் நிலாவெளிக்கு வடக்கே இறக்கக்கண்டிப் பக்கம் கடைகள் பூட்டியிருக்கும், போயா நாளில் மதுபானம் விற்க மாட்டார்கள். நீச்சல் உடை கரையோடு நிற்கட்டும். வீதிக்கு வரும்போது மேலே ஒரு சட்டை போடுங்கள், இது குடும்பங்கள் வாழும் ஊர்.

வெயில் தாழ்ந்ததும் கோணேசர் கோயிலுக்குப் போகலாம். மதியத்தில் நடை சாத்தியிருக்கும், கல்லும் கால் சுடும். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து அந்தக் கற்களால் கட்டிய கோட்டைக்குள்ளால்தான் இன்றும் கோயில் இருக்கும் சுவாமிமலைக்கு ஏற வேண்டும். வழியில் நிற்கும் மான்களுக்குத் தீனி போடாதீர்கள், பொலித்தீனைத் தின்று செத்த மான்கள் உண்டு. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அநுராதபுர வீதிப் பக்கம். குளமல்ல, வாளியால் அள்ளிக் குளிக்கிற கிணறுகள், மாற்றுடுப்பு எடுத்துப் போங்கள்.

படி 8: இரவும் திரும்புவதும்

இருட்டிய பின் மணலில் நடந்தாலும் பற்றை ஓரமாக நடந்தாலும் டோர்ச் கையில் இருக்கட்டும், பாம்பு உள்ள இடம். கடித்தால் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்துக்கொண்டு 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் 119.

குப்பையைக் கரையில் புதைக்காமல், எரிக்காமல், பையில் கட்டி விடுதிக்குக் கொண்டுபோங்கள். ஆள் இல்லாத கரையென்றால் நகரம் வரை கொண்டுவந்து போடுங்கள்.

கொழும்புப் பக்கம் திரும்புகிறவர்கள் கடைசி நாளில் இன்னொரு தடவை குளிக்க ஆசைப்பட்டு மாலையில் புறப்படுவார்கள். அந்தக் குளியலை விடியற்காலையில் முடித்து, பன்னிரண்டு மணிக்குள் அறையைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டோடு பஸ் நிலையத்துக்கு வாருங்கள். ஒரு மணி, ஒன்றரைக்கு ஏறினால் வெளிச்சத்திலேயே ஹபரணவைத் தாண்டிவிடலாம்.