12 கிரெடிட், 9 ஆன இரவு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு வந்த முதற் பருவம். விரிவுரையாளரின் ஆங்கிலம் பிடிபடாததால் இரசாயனவியல் பாடத்தை இரவோடு இரவாக இணையத்தில் நீக்கிவிட்டேன். கிரெடிட் என்ற பாடச்சுமை அளவு 12இலிருந்து 9 ஆனது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளங்கலை மாணவர் 12க்குக் கீழே இறங்க முன் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அது விசா நிலை மீறல். இதை நீக்கிய பிறகுதான் வாசித்தேன். அம்மா தோட்டக் காணியை ஈடு வைத்து அனுப்பிய படிப்பு! விடியும்வரை கண் மூடவில்லை.

காலையில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எதையும் மறைக்காமல் சொன்னேன். பாடம் சேர்க்கும் காலம் முடிந்திருக்கவில்லை, நல்ல காலம். உடனே மீண்டும் பதிந்தேன். பிறகு மொழிச் சிரமத்தைக் காட்டி, பாடச்சுமையைக் குறைக்க விண்ணப்பித்தேன். தொடக்கத்தில் அதற்கு இடமுண்டு, ஆனால் 6 கிரெடிட்டாவது மிஞ்ச வேண்டும். செவிஸ் எனும் அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவில் அனுமதி ஏறிய பின்னரே பாடத்தை விட்டேன். அடுத்த பருவத்தில் 12க்குத் திரும்பிவிட்டேன்.