ஐவிஎஃப் செய்ய ஊருக்குப் போகிறீர்களா? முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

நாங்கள் இருக்கும் டெக்சாஸில், ஐவிஎஃப் என்கிற சோதனைக்குழாய் சிகிச்சைக்குக் கவரேஜ் தரத் தயார் என்று இன்சூரன்ஸ்காரர்கள் சொல்லியாக வேண்டும். எடுப்பதும் விடுவதும் வேலை கொடுத்தவர் இஷ்டம். என் கணவரின் கம்பெனி விட்டுவிட்டது. ஒரு முறைக்கு மருந்தோடு 20,000 டாலருக்கு மேல் கேட்டார்கள். சென்னையில் இரண்டு, இரண்டரை லட்சம் ரூபாய். சரி, டிக்கெட் போக மிச்சம்தான் என்று கிளம்பினோம்.

பணக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் என்கிற தொகையில் ஊசி, மயக்க மருந்து, கருவை உறைய வைப்பது, அதற்கான வருடக் கட்டணம் எல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் ஊசி தனி, அதுதான் பெரிய செலவும். ஹெச்எஸ்ஏ, அதாவது மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேர்க்கும் கணக்கு, அந்தப் பணத்தை இந்தியச் சிகிச்சைக்கும் எடுக்கலாம், அதனால் பெயரும் தேதியும் போட்ட பில் ஒன்றையும் தொலைக்காதீர்கள். லீவு இல்லாத கணவர்கள் முதல் வாரமே விந்தணுவை உறைய வைத்துவிட்டுத் திரும்பலாம். ஆனால் கருவை அங்கே உருவாக்கி இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். செயற்கைக் கருத்தரிப்புக்கான இந்தியாவின் 2021 சட்டப்படி, சொந்தக் கருவாக இருந்தாலும் அந்தச் சட்டம் அமைத்த தேசிய வாரியம் அனுமதிக்க வேண்டும். வயது வரம்பும் அதே சட்டத்தில் இருக்கிறது: பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55.

இனி பெயர்.

மாதவிலக்கான இரண்டாம் நாள் ஊசி ஆரம்பிக்க வேண்டும். முதல் நாள் ரிசப்ஷனில் ஃபைலைப் புரட்டிய பெண் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாண சர்டிபிகேட்டில் என் பெயருக்கு முன்னால் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ஆதாரில் கணவர் பெயர். "மூணும் ஒண்ணா இருக்கணும் மேடம். ஒரிஜினலும் வேணும்." ஒரிஜினல் டல்லாஸில் மேஜை டிராயரில் இருந்தது. என்னிடம் இருந்தது செல்போன் படம்.

கல்யாணம் பதிவான கும்பகோணத்துக்கு அன்று ராத்திரியே ரயில். மறுநாள் முகூர்த்த நாளாம், சார்பதிவாளர் அலுவலகம் முழுக்கப் பத்திரம் பதிய வந்த கூட்டம். மூன்று மணி நேரம் ஒரு கால் ஆடும் பெஞ்சில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் மகளுக்கு எழுதிவைக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிளார்க் மூன்று நகலையும் பரப்பிவைத்துக் கேட்டார்: "இதுல எதும்மா உங்க பேரு?" பதில் சொல்ல நினைத்தேன், வரவில்லை. "ஒரிஜினலோட நாளைக்கு வாங்க."

இரண்டாம் நாள் அந்த பெஞ்சிலேயே போயிற்று.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆவண எழுத்தர்தான் வழி சொன்னார். மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதுமே என்றார். அரை மணி நேர வேலை. கிளினிக்கிலும் ஏற்றுக்கொண்டார்கள், ஒரு மாதம் தள்ளி. நீங்கள் அந்தக் காகிதத்தைப் போய் இறங்கியதும் வாங்கிவிடுங்கள்.

அன்று சாயங்காலம் மாமியார் போனில், "கும்பகோணத்துலயே இருக்கே, பக்கத்துலதானே திருக்கருகாவூர்" என்றார். எரிச்சலில் போனை வைத்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் அவரே வந்து இறங்கினார், கையில் நெய் டப்பாவோடு. அங்கே பிள்ளை வரம் தரும் கர்ப்பரட்சாம்பிகையின் சன்னதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போடுவது நான் செய்ய வேண்டியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, முட்டி வலியோடு குனிந்து என் விரலோடு அவர் விரலையும் சேர்த்து இழுத்தார். ஒன்பது வருடத்தில் மூன்று தடவைதான் வந்திருக்கிறோம். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அந்த ஒரு மாதத்துக்காக டிக்கெட்டை மாற்றியது, சம்பளமில்லாமல் லீவு எடுத்தது எல்லாம் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிட்டன. நான்கு கரு சென்னையில் உறைநிலையில் இருக்கிறது, அடுத்த லீவு வரைக்கும்.

பிரசாத நெய்யைக் கணவனும் மனைவியும் 48 நாள் சாப்பிட வேண்டும். சாமி கும்பிடாத என் கணவர் ராத்திரி பத்து மணிக்குத் தானே டப்பாவை எடுத்து வருகிறார். இன்று 31.