டப்ளின் நடுநகரின் பழைய பப்களுக்குப் போகிறீர்களா?

டேம் கோர்ட்டில் ஸ்டாக்ஸ் ஹெட், சவுத் ஆன் தெருவில் கெஹோஸ், ஃபிளீட் தெருவில் பேலஸ் பார்: மூன்றும் நடை தூரம்தான். ஸ்னக் என்னும் சின்னத் தடுப்பறை வேண்டுமென்றால் பிற்பகல் மூன்று மணிக்கே போய்விடுங்கள்; வெள்ளி மாலை அந்த ஆசையே வேண்டாம்.

மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்காமல் கவுண்டரில் சொல்லுங்கள். கின்னஸ் என்னும் கறுப்பு பீர் கேட்டால் கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால் பங்கு ஊற்றி, அப்படியே வைத்துவிடுவார்கள். மறந்துவிட்டார்கள் என்று கையை நீட்டாதீர்கள். நைட்ரஜன் குமிழிகள் அடங்கி நுரை தனியே பிரிய ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அதன் பிறகே மீதியை நிரப்புவார்கள்.

கூட்டமாகப் போனால் ஆளுக்கொரு சுற்று எல்லோருக்கும் வாங்குவது வழக்கம். உங்கள் முறை வரும்போது நழுவினால் பேச்சாகிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை இரவு 11.30 மணிக்கு விற்பனை நிற்கும். கையிலிருப்பதைக் குடித்து முடிக்க அரை மணி நேரம் தருவார்கள்.