சட்டத்தின் ஆட்சி: நாம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தால் போதும், அதுவே சட்டத்தின் ஆட்சி என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற குழப்பங்கள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ஹிட்லரின் ஜெர்மனியில் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935ஆம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டங்களும் முறைப்படி நிறைவேறியவைதான். ஆள்பவர் கையில் சட்டம் இருப்பது வேறு. ஆள்பவரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருப்பது வேறு. இந்த இரண்டாவதுதான் சட்டத்தின் ஆட்சி.

இதை விளக்க நான் எப்போதும் எடுப்பது இங்கிலாந்தின் ஜான் என்டிக் வழக்கை. 1762இல் இந்த எழுத்தாளரின் வீட்டுக்குள் ஓர் அமைச்சரின் வாரண்ட்டோடு அரசரின் ஆட்கள் நுழைந்தார்கள். நான்கு மணி நேரம் பூட்டுகளை உடைத்து, பெட்டிகளைக் குடைந்து, காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். என்டிக் அவர்கள்மீதே வழக்குப் போட்டார். இப்படிச் சோதனையிட அதிகாரம் தரும் சட்டம் எங்கே என்று தேடினார் தலைமை நீதிபதி கேம்டன். எங்கும் இல்லை. நாட்டுக்கு அவசியம் என்ற வாதமும் அவரிடம் எடுபடவில்லை. 1765இல் என்டிக் வென்றார். சட்டம் தடுக்காததைக் குடிமகன் செய்யலாம். அரசு அவன் வீட்டுக்குள் கால்வைக்கவே சட்டத்தைக் காட்ட வேண்டும்.

நீதிமன்றம் ஊர் விருப்பத்தைத் தீர்ப்பாக எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஊர் விருப்பத்தை அறியத் தேர்தல் இருக்கிறது. ஊரே வெறுக்கும் ஒருவருக்கு நீதிமன்றத்தை விட்டால் வேறு வாசல் இல்லை. அதற்காக நீதிமன்றமே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் நம்பக் கூடாது. அதனிடம் படையும் இல்லை, கஜானாவும் இல்லை. காரணம் சொல்வதுதான் அதன் பலம்.

ஆகவே யார் ஜெயித்தார் என்று மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பை மூடிவைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். 1976இல், நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டவர்கள், தங்களை அடைத்துவைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சொந்தப் பகையால் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றது அரசுத் தரப்பு. நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மாறுபட்டு எழுதினார். மறு ஆண்டே, மூப்பில் அடுத்தவராக இருந்தும் தலைமை நீதிபதி பதவி அவருக்குத் தரப்படவில்லை. அவர் ராஜினாமா செய்தார்.

2017இல், அந்தரங்க உரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்த நால்வரின் தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கியது. கன்னா தனியாக எழுதிவைத்த காரணங்களே சரி என்றது.